வேலையிடத்தில் எதிர்பாராதது நடந்தால் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது

மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை, நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து ஹோட்டல் ரிசெப்சனில் நிற்பவருக்கு ஒரு காலையில் வரக்கூடிய செய்திகள் இப்படி இருக்கும்: காற்று மாறிவிட்டது, புறாத்தீவுக்குப் படகு விடமாட்டார்கள். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் லொறி ஹபரணைக்கு இந்தப் பக்கம் நிற்கிறது, ரோட்டில் யானை. மேல்மாடி அறையில் ஏசி ஒழுகுகிறது. இத்தனையையும் தமிழில் "திடீரென்று" என்ற ஒரே சொல்லை முன்னால் போட்டுச் சொல்லி முடிக்கலாம். ஆங்கிலத்திலும் ‘சடன்லி’ என்று எல்லாவற்றுக்கும் போட்டால் வசனம் பிழையாகாது; சப்பென்று இருக்கும், அவ்வளவுதான். மரபுத்தொடர் வைத்தால் பேச்சில் உயிர் வரும். ஆனால் இடம் மாறி வைத்தால் சொல்லவந்ததே வேறாகிவிடும்.

மரபுத்தொடர்ப் பட்டியல்களுக்கு எங்கும் குறைவில்லை. அவற்றில் பொருள் இருக்கும். எந்த எழுவாயோடு வரும், எவ்வளவு பாரம், எழுத்தில் வைக்கலாமா என்பது இருக்காது. திருகோணமலையில் ஹோட்டலிலும் துறைமுகத்திலும் தொண்டு நிறுவன ஒபிஸ்களிலும் ஆங்கிலத்தோடு வேலைசெய்யும் எங்கள் பிள்ளைகள் பொருள் தெரியாமல் தடுமாறுவதில்லை. இந்த மூன்றும் தெரியாமல்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே இங்கே பொருளைச் சுருக்கமாகவும் மிச்சத்தை விரிவாகவும் பார்ப்போம். தொடர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். ஒரு குறிப்பு மட்டும்: ‘ஒவ்’ என்று எழுதியிருப்பதும் ‘ஒஃப்’ என்று எழுதியிருப்பதும் இரண்டு வேறு சொற்கள். முதலாவதன் முடிவில் ‘வ்’ ஒலி, இரண்டாவதன் முடிவில் காற்று ஊதுகிற ‘ஃப்’ ஒலி. இரண்டையும் ஒன்றுபோல உச்சரிப்பதால் எழுதும்போதும் பிழை வருகிறது.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி: அடி எதில் விழுந்தது?

எதிர்பாராத ஒன்று நடந்தால் அடி விழக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று ஆளின் மனம். மற்றது வேலைத் திட்டம். இவை இரண்டும் இல்லாமல், வந்த விதத்தை மட்டும் சொல்லவேண்டிய நேரமும் உண்டு. தமிழில் "திடீரென்று" இந்த எல்லாவற்றையும் மூடிவிடுவதால், ஆங்கிலத்தில் பிரித்துப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு இயல்பாக வருவதில்லை. பிரித்துவிட்டால் இலக்கணம் பாதி தானாகவே சரியாகும். ஆளில் விழுந்த அடிக்கு எழுவாய் பெரும்பாலும் ஆள். திட்டத்தில் விழுந்த அடிக்கு எழுவாய் பெரும்பாலும் நிகழ்வு. வந்த விதத்தைச் சொல்லும் தொடர் வினைச்சொல்லுக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஆளில் விழுந்த அடி

‘டேக்கன் அபாக்’ என்பதிலிருந்து தொடங்கலாம். கடல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு தரம் விளங்கினால் மறக்காது. பாய்க்கப்பல் ஓடும்போது காற்று சட்டென்று முன்பக்கம் திரும்பினால், பாய் பின்னோக்கிப் பாய்மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கப்பல் ஓட்டம் தடைப்பட்டு நிற்கும். அந்த நிலைக்குத்தான் மாலுமிகள் இந்தப் பெயரைச் சொன்னார்கள். (எங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்று, 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டி இறக்கப்பட்டது, இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. அதன் படத்தில் குறுக்குப் பாய்களுக்கான மரங்களைப் பார்த்தால் காற்று எப்படிப் பாயைப் பின்னுக்கு அழுத்தும் என்பது கண்ணுக்குத் தெரியும்.)

ஆகவே இந்தத் தொடருக்குப் பொருள் வெறும் ஆச்சரியமல்ல. ஓடிக்கொண்டிருந்த மனம் ஒரு கணம் நின்றுபோதல். ஒருவரின் பேச்சு, தொனி, நடத்தை, கேள்வி ஆகியவற்றுக்கு வைக்கலாம்: ‘ஐ வொஸ் டேக்கன் அபாக் பை ஹிஸ் டோன்’. அவர் கதைத்த தொனியில் திகைத்துப்போனேன் என்பது. இதில் கொஞ்சம் மனத்தாங்கலும் ஒட்டியிருக்கும். ஏசி ஒழுகியதற்கு இதை வைக்கமுடியாது; ஏசி உங்களோடு மரியாதைக்குறைவாகக் கதைக்கவில்லை.

இதில் நடக்கும் பெரிய பிழை, ‘அபாக்’ என்பதன் முதல் எழுத்து விழுந்துபோவது. ‘ஐ வொஸ் டேக்கன் பாக்’ என்றால் என்னைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றாகும். வேகமாகக் கதைக்கும்போது அந்த ‘அ’ மெலிதாகவே ஒலிக்கும். ஆனால் இருக்கவேண்டும்.

‘கோட் ஒஃப் கார்ட்’ இன்னும் அதிகம் பயன்படும். காவல்காரன் அசந்த நேரத்தில் பிடிபட்டான் என்பது அடிப்படை. ஆயத்தமில்லாமல் இருந்தேன் என்ற ஒப்புதல் இதற்குள் இருக்கிறது. ‘ஐ வொஸ் கோட் ஒஃப் கார்ட் பை த குவெஸ்ச்சன்’ என்பது முழு வசனம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் ‘வொஸ்’ என்பதை விட்டுவிட்டு ‘ஐ கோட் ஒஃப் கார்ட்’ என்கிறார்கள். காரணம் தமிழில் இருக்கிறது: "அகப்பட்டுப்போனேன்" என்பது பார்வைக்குச் செய்வினை, பொருளில்தான் செயப்பாட்டுவினை. ஆங்கிலத்தில் அந்த ‘வொஸ்’ இல்லாவிட்டால் யாரோ ஒருவரைப் பிடித்தது நீங்கள் என்று தொடங்கி, யாரை என்று சொல்லாமல் வசனம் தொங்கும். அடிபட்ட ஆளே எழுவாயாக இருந்தால், ‘டேக்கன்’, ‘கோட்’, ‘நொக்ட்’ என்று தொடங்கும் எல்லாத் தொடருக்கும் இதே விதி. முன்னால் ‘வொஸ்’ அல்லது ‘வேர்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

ஒப்புதல் உள்ளே இருப்பதால் இதை மேலிடத்துக்கு எழுதும்போது யோசிக்கவேண்டும். மார்கழி மாதத்தில் ‘வீ வேர் கோட் ஒஃப் கார்ட் பை த ரெயின்’ என்று ஹெட் ஒபிஸுக்கு எழுதினால், எழுதியவருக்கே அது கேடு. வாடைக்காற்றோடு மழை வருவது திருகோணமலையில் எல்லாருக்கும் தெரிந்தது. நவம்பர், டிசெம்பர் மழைக்கு ஆயத்தமில்லாமல் இருந்தோம் என்பது குற்றத்தை ஒத்துக்கொள்வது போலாகும். அதே வசனம் ஜூலையில் பெய்த மழைக்குப் பொருந்தும்.

‘நொக்ட் மீ ஃபோர் சிக்ஸ்’ கிரிக்கெட்டிலிருந்து வந்தது. இங்கேதான் எங்கள் காது ஏமாறும். சிக்ஸர் அடித்தான் என்றால் எங்களுக்குப் பாராட்டு. இந்தத் தொடரில் நீங்கள் துடுப்பாட்டக்காரர் இல்லை, எல்லைக்கு வெளியே பறந்த பந்து. ‘த நியூஸ் நொக்ட் மீ ஃபோர் சிக்ஸ்’ என்றால் அந்தச் செய்தி என்னைத் தூக்கி எறிந்துவிட்டது, நிலைகுலைந்துபோனேன். வேலை போனது, கூட வேலைசெய்தவருக்குப் பெரிய நோய் என்பது போன்ற பாரமான செய்திக்குத்தான் சரி. பிரித்தானியருக்கும் அவுஸ்திரேலியருக்கும் விளங்கும், அமெரிக்கருக்கு விளங்காமல் போகலாம்.

திட்டத்தில் விழுந்த அடி

இங்கே பாரத்தின் வரிசை முக்கியம். மிக இலேசானது ‘ஹிட் எ ஸ்னாக்’. ஆற்றுக்கடியில் புதைந்து, மேலே தெரியாமல் நிற்கும் மரக்கட்டைக்கு ‘ஸ்னாக்’ என்று பெயர்; படகின் அடி அதில் முட்டும். மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக்குடாப் பக்கம் தோணி விட்டவர்களுக்கு அந்தக் கட்டை என்னவென்று சொல்லத் தேவையில்லை. ‘வீ ஹாவ் ஹிட் எ ஸ்னாக் வித் த பேமென்ட்’: கொடுப்பனவில் ஒரு சிறு தடங்கல், தீர்க்கலாம். பயணம் நின்றுபோகவில்லை, தாமதம்தான் என்ற நம்பிக்கையும் இதில் சேர்ந்திருக்கும். ஈமெயிலில் தயங்காமல் வைக்கக்கூடிய தொடர் இதுவே. யாருடைய பிழை என்பதை இது சொல்லாது. அது இதன் வசதி, அதுவே இதன் ஆபத்தும். பிழை உங்களுடையதாக இருந்தால் இந்தத் தொடருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளக் கூடாது. ‘ஐ ட்ரொப்ட் த போல்’, அதாவது என் கையிலிருந்த பொறுப்பை நழுவவிட்டேன் என்று நேராகச் சொல்வது நல்லது. வெளிநாட்டு மேலாளர்கள் இதைக் கோழைத்தனமாக எடுப்பதில்லை.

அடுத்தது ‘கேர்வ்போல்’. பேஸ்போல் ஆட்டத்தில் வளைந்து வரும் பந்து. ‘த க்ளையன்ட் த்ரூ அஸ் எ கேர்வ்போல்’ என்றால், வாடிக்கையாளர் நினைக்காத கோணத்தில் ஒன்றைத் தூக்கிப்போட்டார். எறிந்தவர் ஒருவர் இருக்கவேண்டும் என்பதை மறக்கவேண்டாம். மனிதர், அல்லது மனிதரைப்போல நடந்துகொண்ட ஒன்று, காலநிலை மாதிரி. பிரித்தானிய ஆங்கிலத்தில் இதற்கு இணையானது ‘கூக்ளி’. அங்கே வினைச்சொல் ‘போல்ட்’. ‘போல்ட் அஸ் எ கூக்ளி’ சரி, ‘த்ரூ அஸ் எ கூக்ளி’ என்றால் கிரிக்கெட் தெரிந்தவர் முகம் சுளிப்பார், பந்தை எறிவது அங்கே பிழை. இலங்கையில் கூக்ளி எல்லாருக்கும் விளங்கும் என்பதால், கொழும்பு ஹெட் ஒபிஸோடு கதைக்கும்போது இதையே வையுங்கள்.

பாரமானது ‘ஸ்பானர் இன் த வேர்க்ஸ்’. ஓடும் இயந்திரத்தின் பற்சில்லுகளுக்குள் ஸ்பானர் விழுந்தால் இயந்திரமே நின்றுவிடும். ‘த ஸ்ட்ரைக் த்ரூ எ ஸ்பானர் இன் த வேர்க்ஸ்’: வேலைநிறுத்தம் எல்லாவற்றையும் குழப்பிவிட்டது. ‘வேர்க்ஸ்’ என்பதன் கடைசி ‘ஸ்’ விழக்கூடாது. அது வேலை என்ற பொருளில் வரவில்லை. இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் என்பதே அங்கே பொருள். அமெரிக்கர் ஸ்பானருக்குப் பதிலாக ‘ரெஞ்ச்’ என்பார்கள். உச்சரிப்பில் ஒரு சங்கடம் உண்டு. தமிழில் சொல் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராததால் நாக்கு தானாக ‘இஸ்பானர்’ என்றும் ‘சினாக்’ என்றும் போகும். ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரண்டு விநாடி நீட்டிப் பிடித்து, மூச்சை விடாமல் ‘பானர்’, ‘நாக்’ என்று சேர்த்துப் பத்துத் தரம் சொன்னால் அந்த ‘இ’ போய்விடும்.

வந்த விதம், வந்த நேரம்

‘அவுட் ஒவ் த புளூ’ எல்லாருக்கும் தெரிந்தது, எல்லாரும் கூடுதலாக வைப்பதும் இதையே. நீலம் என்பது தெளிந்த வானம். மேகமே இல்லாத வானத்திலிருந்து விழுந்ததுபோல, முன்னறிவிப்பே இல்லாமல் வந்தது. நல்லதற்கும் வைக்கலாம், கெட்டதற்கும் வைக்கலாம்: பழைய விருந்தினர் ஒருவர் நாலு வருடம் கழித்து அழைப்பெடுத்தாலும் ‘ஹீ கோல்ட் அவுட் ஒவ் த புளூ’. தமிழில் சுட்டிடைச்சொல் இல்லாததால் ‘த’ விழுந்து ‘அவுட் ஒவ் புளூ’ ஆகிவிடுகிறது. பன்மையாக்கி ‘புளூஸ்’ என்பாரும் உண்டு. இரண்டும் பிழை. அழுத்தம் கடைசிச் சொல்லில்.

இந்தத் தொடருக்கு ஒரு நிபந்தனை. உண்மையிலேயே முன்னறிவிப்பு இருந்திருக்கக் கூடாது. வளிமண்டலவியல் திணைக்களம் முதல்நாளே கடற்றொழிலாளருக்கு எச்சரிக்கை விடுத்திருந்தால், கடல் கொந்தளித்தது ‘அவுட் ஒவ் த புளூ’ அல்ல. விருந்தினர் கையிலும் போன் இருக்கிறது, அவரும் பார்த்திருப்பார். அதேபோல இந்தத் தொடருக்குப் பின்னால் ‘பிகோஸ்’ போட்டு நீளமாகக் காரணம் விளக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

இதன் மூத்த சகோதரம் ‘எ போல்ட் ஃப்ரொம் த புளூ’. தெளிந்த வானத்திலிருந்து இடி விழுந்தாற்போல என்று நாங்கள் சொல்வதற்கு அப்படியே சரி. அதிர்ச்சிச் செய்திக்கு மட்டும்.

‘அட் த இலெவன்த் அவர்’ என்பதை நேரமாக எடுத்துக்கொண்டு பதினொரு மணிக்குக் காத்திருந்தால் வீண். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் வேலையாட்களைத் தேடிப்போன "பதினோராம் மணி வேளை" அது. அக்காலத்தில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணினார்கள். ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருண்டால் பதினோராம் மணி என்பது பின்னேரம் ஐந்து. நாள் முடிய ஒரே ஒரு மணித்தியாலம். ஆகவே பொருள், கடைசிக் கணத்தில், ஆனால் இன்னும் முடியாத நேரத்தில். ‘தே கேன்சல்ட் அட் த இலெவன்த் அவர்’. முன்பதிவு நாளன்று காலையில் ரத்துச் செய்தவருக்குப் பொருந்தும், ஒரு கிழமைக்கு முன் செய்தவருக்குப் பொருந்தாது. ரிசெப்சன் குறிப்பேட்டில் மட்டும் இதை எழுதவேண்டாம். அடுத்த ஷிப்ட்டுக்கு வருபவர் பகல் பதினொன்றா இரவு பதினொன்றா என்று தேடிக்கொண்டிருப்பார்.

துறைமுகத்துக்காரர் காதில் விழுபவை

1957 வரை பிரித்தானியக் கடற்படை திருகோணமலையில் தளம் வைத்திருந்தது. அவர்களுடைய கப்பல் மொழியிலிருந்து அலுவலக ஆங்கிலத்துக்கு ஏறியவை ஏராளம். ‘ஓல் ஹாண்ட்ஸ் ஒன் டெக்’ என்றால் எல்லாக் கையும் மேல்தளத்துக்கு. இன்று எல்லாரும் கைகொடுக்கவேண்டும் என்பது. ‘வெதர் த ஸ்டோர்ம்’, தாக்குப்பிடித்துக் கடந்துவருதல். இரண்டும் மேலாளர் வாயில் அடிக்கடி வரும், நீங்களும் தாராளமாகச் சொல்லலாம்.

‘லெஃப்ட் ஹை அண்ட் ட்ரை’ மட்டும் எங்களுக்குக் கொஞ்சம் விளக்கம் கேட்கும். வற்று வந்து கடல் இறங்கும்போது கப்பல் தரையில் தனியே மாட்டிக்கொள்வது. இங்கிலாந்தின் சில கரைகளில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே பத்து மீற்றருக்கு மேல் வித்தியாசம் வரும். எங்கள் கடலில் அது ஒரு மீற்றர்கூட இல்லை, ஆகவே அந்தக் காட்சி எங்கள் கண்ணில் படாதது. பொருளில் எங்கள் "நட்டாற்றில் விட்டது" இதற்கு அச்சொட்டாகப் பொருந்தும், தண்ணீர் மட்டும் எதிர்மாறு. ‘த சப்ளையர் லெஃப்ட் அஸ் ஹை அண்ட் ட்ரை’ என்றால் பொருள் தருபவர் கைவிட்டுவிட்டார். இது குற்றச்சாட்டு. அவர் பிந்தினார் என்பதற்கு இதை எழுதினால் உறவு முறியும்.

‘டச் அண்ட் கோ’ என்பதைச் சும்மா எட்டிப்பார்த்துவிட்டுப் போவதற்குச் சொல்கிறார்கள். அதுவல்ல. கடைசிவரை எப்படியாகும் என்று தெரியாத நிலை. ‘இட் வொஸ் டச் அண்ட் கோ, பட் த லொறி மேட் இட்’.

தமிழில் இணை இருந்தால் பாதி வேலை முடிந்தது

பொருளைத் தமிழ்ப் பழமொழியோடு கட்டிவைத்தால் பாரமும் சேர்ந்து மனத்தில் நிற்கும். ‘ஓப்பன் எ கான் ஒவ் வேர்ம்ஸ்’, தூண்டில் புழு அடைத்த பேணியைத் திறந்துவிடுவது, எங்கள் "கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது". ஒழுகும் ஏசியைப் பார்க்கப்போய் சுவருக்குள் வயர் முழுக்க உக்கிப்போயிருந்தது தெரியவந்தால் இதுதான் தொடர். ‘இட் நெவர் ரெயின்ஸ் பட் இட் போர்ஸ்’ என்பதற்கு "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்". மழை எங்களுக்குச் செல்வம், ஆகவே இந்தத் தொடரில் நல்லது கொட்டுகிறது என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் கெட்டதுதான் கொட்டும். ‘எ க்ளோஸ் ஷேவ்’, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு". ‘பிட்வீன் எ ரொக் அண்ட் எ ஹாட் பிளேஸ்’, "இருதலைக்கொள்ளி எறும்பு". நல்லது எதிர்பாராமல் வந்தால், குறிப்பாகக் காசாக வந்தால், ‘விண்ட்ஃபோல்’: காற்றடித்துத் தானாக விழுந்த பழம். எங்கள் "பழம் நழுவிப் பாலில் விழுந்தது" இதைவிட இனிமையானது.

ஆனால் எதிர்ப்பக்கம் போகவேண்டாம். தமிழ்ப் பழமொழியைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, கிணற்றையும் பூதத்தையும் ஈமெயிலில் அனுப்பினால் கேட்பவருக்கு எதுவும் பிடிபடாது.

இணை இருப்பதுபோலத் தோன்றி ஏமாற்றுபவை இரண்டு. ‘எலிஃபன்ட் இன் த ரூம்’ எதிர்பாராத யானை அல்ல. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தும் யாரும் வாய்திறக்காத விடயம். ஹபரணை ரோட்டில் லொறியை மறித்த யானைக்கு மரபுத்தொடர் தேவையில்லை, ‘அன் எலிஃபன்ட் ஒன் த ரோட்’ என்று உள்ளதைச் சொன்னால் போதும், வெளிநாட்டவருக்கு அதுவே பெரிய செய்தி. மற்றது ‘இன் ஹொட் வோட்டர்’. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளைப் பார்க்க விருந்தினரை அனுப்பும்போது இந்த மூன்று சொல்லையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். ‘யூ வில் பீ இன் ஹொட் வோட்டர்’ என்றால் வில்லங்கத்தில் மாட்டப்போகிறீர்கள் என்பது. ‘ஹொட் வெல்ஸ்’ என்று சொல்லுங்கள்.

வைக்கக்கூடாத இடங்கள்

விபத்து அறிக்கை, இயந்திர அறைக் குறிப்பேடு, வைத்தியம் சம்பந்தப்பட்ட எதுவும். இங்கே ஒரு தொடர்கூட வேண்டாம். ‘த ஜெனரேட்டர் ஸ்டொப்ட் அவுட் ஒவ் த புளூ’ என்று எழுதிய குறிப்பிலிருந்து மெக்கானிக்குக்கு எதுவும் கிடைக்காது. எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முன் சத்தம் மாறியதா, டீசல் எவ்வளவு இருந்தது என்பதே அவருக்குத் தேவை.

துறைமுகத்தில் வீஎச்எஃப் வானொலியில் கதைப்பவர்களுக்கு இது விதியாகவே இருக்கிறது. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட நியமத் தொடர்கள் எல்லாம் மரபுத்தொடர் கலக்காத நேர்வசனங்கள். கப்பலில் பிலிப்பைன்ஸ்காரர் இருப்பார், உக்ரைன்காரர் இருப்பார், எல்லாருக்கும் ஒரே பொருள் போய்ச்சேரவேண்டும். ஹோட்டலிலும் அதே நியாயம்தான். ஜேர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருபவர்களுக்கு ஆங்கிலம் எங்களைப்போலவே இரண்டாம் மொழி. அவர்களிடம் ‘ஸ்பானர்’ என்றால் கருவிப்பெட்டியைத் தேடுவார்கள். அவர்களோடு கதைக்கும்போது நேர்வசனம் பேசுங்கள். பிரித்தானியர், அவுஸ்திரேலியரோடு தொடர்களை வையுங்கள்.

மரணம், கடும் நோய், வேலைநீக்கம் ஆகியவற்றை அறிவிக்கும்போது எந்தத் தொடரும் இலேசாக ஒலிக்கும். மன்னிப்புக் கேட்கும் வசனத்துக்குள்ளேயும் வைக்காதீர்கள். ‘சொறி’ தனியாக நிற்கட்டும்.

பழகும் முறை

வாயில் வரவேண்டியவை ஏழு போதும்: ‘அவுட் ஒவ் த புளூ’, ‘கோட் ஒஃப் கார்ட்’, ‘டேக்கன் அபாக்’, ‘ஹிட் எ ஸ்னாக்’, ‘ஸ்பானர் இன் த வேர்க்ஸ்’, ‘இலெவன்த் அவர்’, ‘ஓல் ஹாண்ட்ஸ் ஒன் டெக்’. மற்றவை காதில் விழுந்தால் விளங்கினால் சரி. சின்னக் கொப்பியொன்றில் தொடருக்கு ஒரு பக்கம் வையுங்கள். முதல் வரியில் தொடரை மட்டும் எழுதாமல் முழு வசனமாக எழுதுங்கள், உங்கள் வேலையிடத்து ஆட்களையும் பொருட்களையும் வைத்து. கீழே எழுவாய் ஆளா நிகழ்வா என்று ஒரு சொல். பாரம் ஒன்று, இரண்டு, மூன்று. எழுத்துக்கா பேச்சுக்கா. ஒரு கிழமைக்கு ஒரு தொடர்தான்; ஏழு கிழமை. அவசரப்பட்டு ஒரே நாளில் ஏழையும் பாடமாக்கினால் வேலை நெருக்கடியில் எல்லாம் கலந்து, ‘கோட் அவுட் ஒவ் கார்ட்’ என்று வாயில் வரும்.

கேட்பதையும் எழுதுங்கள். விருந்தினரோ மேலாளரோ ஒரு தொடரைச் சொன்னால், அதன் பின் என்ன சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள். தொடரின் பாரம் அடுத்த வசனத்தில்தான் தெரியும்: சிரித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனாரா, இல்லை காசைத் திருப்பிக் கேட்டாரா.

ஒரு செய்தியில் ஒரு தொடர். அது முதல் வசனத்தில் வரக்கூடாது. முதலில் நடந்தது, பிறகு தொடர், பிறகு இனி என்ன செய்வோம் என்பது. தொடரை முதலில் வைத்தால் வாசிப்பவர் நடந்தது என்னவென்று தெரியாமலே கலவரப்படுவார்.

படகு நின்ற காலையையே மூன்று பேருக்குச் சொல்லிப் பார்க்கலாம். முன்னறிவிப்பு எதுவும் இருக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிரித்தானிய விருந்தினருக்கு நேரில்: ‘ஐ ஆம் சொறி. த போட் ட்ரிப் இஸ் ஒஃப் டுடே. த விண்ட் சேஞ்ச்ட் அவுட் ஒவ் த புளூ. வீ கான் டேக் யூ டுமோரோ அட் சிக்ஸ்.’ இதில் ‘ஒஃப்’ வரும் இடத்தையும் ‘ஒவ்’ வரும் இடத்தையும் கவனியுங்கள். மனேஜருக்கு வட்ஸ்அப்பில்: ‘நோ போட் டுடே, ரஃப் சீ. ஸ்மோல் ஸ்னாக் வித் த எய்ட் கெஸ்ட்ஸ், ஓல் மூவ்ட் டு டுமோரோ சிக்ஸ் ஏஎம்.’ எட்டுப் பேரில் ஒருவர் நாளைக்குக் கொழும்பு போகிறவராக இருந்தால் அது ‘ஸ்மோல் ஸ்னாக்’ இல்லை. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அவருடைய அறை எண்ணையும் திருப்பிக் கொடுக்கவேண்டிய தொகையையும் போடுங்கள். ஹெட் ஒபிஸுக்கு ஈமெயிலில்: ‘த சிக்ஸ் ஏஎம் போட் ட்ரிப் வொஸ் கேன்சல்ட் அட் ஃபைவ் தேர்ட்டி டியூ டு ரஃப் சீ. எய்ட் கெஸ்ட்ஸ் வேர் ரீபுக்ட்.’ இந்த மூன்றாவதில் மரபுத்தொடர் ஒன்றுமில்லை.